அத்தானைக் கூட்டிப்போன இடங்கள்

சிரம்பான்
2603 ஜூன் 28

தம்பி கணேசமூர்த்திக்கு அக்காள் சந்திரமதி எழுதுவது.

இங்கே நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் உன் பெண்டாட்டியும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வருஷத்தை ஜப்பான் கணக்கில் போடாவிட்டால் தபால் போகாதாம். போட்டுவிட்டேன். 1943 என்று எழுதிவிட்டு அடித்திருப்பதைப் பார்த்துச் சிரிக்காதே.

"ரெண்டே நாள், உப்பும் கருவாடும் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று உன் அத்தான் இங்கிருந்து கிளம்பியது பத்தாம் தேதி. "வாங்க அத்தான், மலாக்காவைச் சுற்றிக் காட்டுகிறேன்" என்று கார்டுக்கு மேல் கார்டு போட்டு அழைத்தவன் நீ. பதினெட்டு நாள் ஆகிவிட்டது. நேற்று உன் கார்டு வருகிறது: "அத்தான் வேலைக்காக வடக்கே போயிருக்கிறார். கவலை வேண்டாம்." அவ்வளவுதான்.

தையல் மெஷினில் உட்கார்ந்து சட்டை தைக்கிற மனுஷனுக்கு வடக்கே என்ன வேலை? யார் கூப்பிட்டார்கள்? மாற்றுத் துணிகூட இல்லாமல் போனவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போவார்? சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இரண்டு பேர். வீட்டுக்குத் திரும்பினது ஒருவன். ஏன் என்று எழுது.

அக்காள்
சந்திரமதி


கஜா பெராங், மலாக்கா
2603 ஜூலை 14

அக்காவுக்கு வணக்கம்.

நானும் அஞ்சலையும் சுகம். உன் சுகத்துக்கு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். முதலில் ஒரு விஷயம். உன் கடிதத்தை எனக்கு முன்னால் வேறு ஒருவர் படித்துவிட்டார். உறையை மறுபடி ஒட்டின பசை காயாமலே வந்து சேர்ந்தது. இனித் தபாலில் போடாதே. தம்பின் ஊர் லாரியில் வாரம் ஒரு தடவை வருகிற கலியாணசுந்தரம் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. இதையும் அவரிடம்தான் கொடுக்கிறேன்.

கப்பலில் வந்து இறங்கின வெள்ளைக்காரர்களுக்குப் பதினோரு வருஷம் இந்த ஊரைக் காட்டினவன் நான். என் காரை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டு, அதை அவர்கள் அலுவலகத்துக்கு ஓட்ட என்னையே வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எனக்கு லீவு. அத்தானைக் கால்நடையாகவே கூட்டிப்போனேன். ஆற்றுப் பாலத்தில் நின்று சுமத்ராவிலிருந்து வரும் மரக்கலங்களைப் பார்த்தோம். இப்போது இரண்டு மூன்றுதான் வருகின்றன. ஒல்லாந்தர் கட்டின சிவப்புக் கட்டடத்தைக் காட்டினேன். சுவரின் கனத்தைக் கையால் முழம் போட்டுப் பார்த்தார். புக்கிட் சீனா அடிவாரத்து ராஜா கிணற்றுக்குப் போனோம். சீன இளவரசிக்காக வெட்டினதாம். அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் இந்த ஊருக்குத் திரும்பி வருவார்கள் என்று சொல்வது வழக்கம். அத்தான் இரண்டு கை அள்ளிக் குடித்தார். பிறகு சென்ட் பால் மலை. மேலே கூரை இல்லாத பழைய மாதா கோயில். ஆள் உயரக் கல்லறைக் கற்களைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து கடல் முழுக்கத் தெரியும். "சந்திரா பாத்தா இங்கேயே உக்காந்துடுவா" என்றார்.

மலை இறங்கினதும் கோட்டை வாசல். அங்கே லாரி நின்றது. ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, சாப்பாடு உண்டு என்றார்கள். என் கையில் அலுவலகப் பட்டை கட்டியிருந்தது, விட்டுவிட்டார்கள். அவர் கையில் இல்லை.

மூன்று மாதம்தான் அக்கா. வந்துவிடுவார்.

தம்பி
கணேசமூர்த்தி


சிரம்பான்
2603 ஆகஸ்டு 1

கணேசமூர்த்திக்கு.

சுகம் விசாரிக்க எனக்கு மனசில்லை.

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் இரண்டே முக்கால் பக்கம் மலையும் கிணறும். கேட்டதற்குப் பதில் நாலு வரி. நான் என்ன கப்பலில் வந்து இறங்கின துரைசாணியா, இளவரசி கதை சொல்ல?

அந்தப் பட்டையைக் கழற்றி அவர் கையில் கட்ட உனக்குத் தோன்றவில்லையா? அவர் உனக்குச் செய்தது கொஞ்சமா? அப்பா செத்தபோது உனக்குப் பத்து வயது. உன்னை வீட்டோடு வைத்துச் சோறு போட்டு, டிரைவிங் லைசென்ஸ் எடுக்கவும் அனுப்பினது யார்? சரி, பட்டையைத் தர மனசில்லை. "இவர் என் அத்தான், நோயாளி" என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே. ஊரை ஏமாற்றி வாடகை வாங்கின வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது?

நீ கார் ஓட்டுகிற அலுவலகத்தில் கேள். அவர் எந்த இடத்தில் இருக்கிறார், எப்போது விடுவார்கள். எனக்கு அது மட்டும் போதும்.

சந்திரமதி


கஜா பெராங்
2603 ஆகஸ்டு 29

அக்காவுக்கு.

சுகம். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

நான் அங்கே கார் ஓட்டுகிறவன், கவர்னர் இல்லை. வாய் திறந்து கேட்டவனுக்கு என்ன கிடைக்கிறது என்று நீ சிரம்பானிலும் பார்த்திருப்பாய். இருந்தும் கேட்டேன். பதிலாகக் கன்னத்தில் ஒன்று கிடைத்தது. திருப்தியா?

அத்தான் செய்ததை நான் மறக்கவில்லை. ஆனால் நீ செய்ததையும் மறக்கவில்லை. என் கலியாணத்துக்கு நீ வரவில்லை. "தமிழ் பேசத் தெரியாத மலாக்காச் செட்டிப் பெண், சாமி கும்பிட்டால் என்ன, வாயைத் திறந்தால் மலாய்" என்று சொல்லியனுப்பினாய். அத்தான் மட்டும் தனியாக வந்து நின்று தாலி எடுத்துக் கொடுத்தார். ஏழு வருஷமாக நீ என் வீட்டு வாசலை மிதித்ததில்லை. இப்போது தம்பி என்று உரிமை கொண்டாடித் திட்டுகிறாய். திட்டு.

மூன்று மாதம் முடியட்டும்.

கணேசமூர்த்தி


சிரம்பான்
2603 அக்டோபர் 19

கணேசமூர்த்திக்கு.

மூன்று மாதம் முடிந்து நாலாவதும் முடிந்துவிட்டது. கூப்பன் அரிசி நின்றே போய்விட்டது. மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மாலையும். அதை விடு.

செமாபோக்கிலிருந்தும் அன்றைக்கு ஆட்களைப் பிடித்துப் போனார்கள் என்று கலியாணசுந்தரம் சொன்னார். அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது தகவல் வந்ததா என்று போய்க் கேள். கஜா பெராங்கிலிருந்து எவ்வளவு தூரம்? கார் இல்லாவிட்டால் கால் இருக்கிறதல்லவா? அவரை ஊர் முழுக்க நடக்க வைத்தாயே, அதில் பாதி நட.

சந்திரமதி


சிரம்பான்
2603 டிசம்பர் 2

கணேசமூர்த்திக்கு.

ஆறு வாரமாகப் பதில் இல்லை. கலியாணசுந்தரம் வாராவாரம் கையை விரிக்கிறார். "வீட்டுல இருந்தாரு, படிச்சாரு, உள்ள போயிட்டாரு" என்கிறார். அவ்வளவு அலட்சியமா உனக்கு?

நானே வருகிறேன். அவர் கால் வைத்த ஒவ்வொரு இடத்தையும் அதே வரிசையில் எனக்குக் காட்ட வேண்டும். கடைசியில் லாரி நின்ற இடத்தையும் காட்ட வேண்டும். அங்கே வைத்து என் முகத்தைப் பார்த்து நடந்ததைச் சொல். பிறகு உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை.

சந்திரமதி


கஜா பெராங்
2603 டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? மலேரியா பரவியிருக்கிறதாம், கொசு வலை இருக்கிறதா? கலியாணசுந்தரம் அண்ணனிடம் கருவாடும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் கொடுத்திருக்கிறேன். பதில் எழுதாதது என் தப்புத்தான். வேலை.

இப்போது வராதே அக்கா. தம்பினிலிருந்து இங்கே வருகிற தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடுகிற பஸ்ஸில்தான் வர வேண்டும், பாதி வழியில் நின்றுவிடுகிறது. வந்தே தீருவேன் என்றால் பொங்கல் கழிந்து ஒரு வாரம் போனபின் வா. அதற்கு முன் வேண்டாம். பொங்கலுக்கு முதல் நாள் மட்டும் கண்டிப்பாக வேண்டாம்.

வந்தால் எல்லா இடத்தையும் காட்டுகிறேன்.

உன் தம்பி
கணேசமூர்த்தி


சிரம்பான்
2604 ஜனவரி 16

கணேசமூர்த்திக்கு.

ஊர் வந்து சேர்ந்தேன். கால் வீங்கியிருக்கிறது. இரண்டு நாளாகக் கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன். ஆறவில்லை, எழுதுகிறேன்.

பொங்கலுக்கு முதல் நாள் வராதே என்று எந்தத் தம்பியாவது அக்காவிடம் சொல்வானா? எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது நீ ஒருவன். வேண்டுமென்றேதான் அந்த நாளில் வந்தேன். போன வாரமே கலியாணசுந்தரத்திடம் சொல்லியனுப்பினேன், பஸ் நிற்கிற இடத்துக்கு நீயும் வந்தாய். "வீட்டுக்குப் போய் முகம் கழுவிக்கிறேன்டா" என்றேன். "மொதல்ல எடத்தப் பாத்துடலாம்க்கா, வெயில் ஏறிடும்" என்றாய். சரி, நான் கேட்டதுதானே என்று வந்தேன்.

பாலத்தில் நின்றோம். நீ மரக்கலங்களைப் பற்றிச் சொன்னாய். சிவப்புக் கட்டடத்தில் ஒல்லாந்தரைப் பற்றிச் சொன்னாய். கிணற்றில் எட்டிப் பார்த்தேன், தண்ணீர் பாசி பிடித்துக் கிடந்தது. அவர் எந்தப் பக்கம் நின்று குடித்தார் என்று கேட்டேன். நீ வாயைத் திறந்தாய், மூடினாய், பிறகு இளவரசியோடு எத்தனை தோழிகள் வந்தார்கள் என்று ஆரம்பித்துவிட்டாய். மலைமேல் ஏறினேன். அந்தக் கற்களுக்கு நடுவில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் நீயும் உட்கார்ந்து, "அக்கா" என்று கூப்பிட்டாய். "என்ன?" என்றேன். "இந்தக் கல்லு போர்ச்சுகீசுக்காரன் ஒருத்தனோடது" என்றாய். உன்னை அங்கிருந்து தள்ளிவிடலாமா என்று இருந்தது.

கோட்டை வாசலில் லாரி நின்ற இடத்தைக் காட்டினாய். அவரைப் பிடித்தபோது அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லலக்கா" என்றாய். நான் அங்கே அழுதேன், பார்த்தாய். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எதற்காக என்னைச் செமாபோக் வழியாக நடத்தி உஜோங் பாசிர் கடற்கரைக்கு இழுத்துப் போனாய்? அவர் அங்கே போகவே இல்லையே. சேறும் நண்டும் பார்க்கவா வந்தேன்? திரும்பும் வழியில் சென்ட் ஜான் குன்று வேறு. "இங்கேருந்து பாத்தா ஆறு கடல்ல சேர்றது தெரியும்" என்கிறாய். காலையில் குடித்த கிழங்குக் கஞ்சியோடு ஒரு மனுஷி எத்தனை குன்று ஏறுவாள்?

வீட்டு வாசலுக்கு வரும்போது நாலு மணி. கடைசி பஸ்ஸுக்கு அரை மணி. வாசல் நிறையச் செருப்பு. உள்ளே சாம்பிராணிப் புகை, ஆட்கள் பேசுகிற சத்தம். விருந்து! ஊரையே கூட்டி உட்கார வைத்திருக்கிறாய், கூடப் பிறந்தவளை மட்டும் தெருத் தெருவாக நடக்க விட்டிருக்கிறாய். உன் பெண்டாட்டி வெளியே வந்தாள். உள்ளே வா என்று ஒரு வார்த்தை இல்லை. வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் கையில் வைத்து, "மாக்கான், அக்கா, மாக்கான்" என்றாள். சாப்பிடச் சொல்கிற அளவுக்கு எனக்கும் மலாய் தெரியும். வாசலோடு அனுப்புகிற பிச்சை என்பதும் தெரியும். முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கொடுத்தாள்.

வீசியெறிந்திருப்பேன். பசி. பஸ்ஸில் பிரித்தால் அரிசிச் சோறு! வெள்ளை வெளேரென்று நெல்லரிசிச் சோறு, பொரித்த மீன், கத்தரிக்காய், ஒரு துண்டு இனிப்பு. எத்தனை மாதம் ஆயிற்று சோறு பார்த்து. வெட்கமில்லாமல் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். கிழங்கு தின்று ஊர் சாகிறது, உனக்கு மட்டும் அரிசி எங்கிருந்து வந்தது? யாருக்குக் கார் ஓட்டினால் அரிசி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அத்தானைப் பிடித்துக் கொடுத்ததற்குக் கூலியா?

இனி எழுத மாட்டேன்.

சந்திரமதி


கம்போங் செட்டி, கஜா பெராங்
2604 பிப்ரவரி 3

அக்காவுக்கு அஞ்சலை சலாம் சொல்கிறேன்.

எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. நான் மலாயில் சொல்ல, பக்கத்துக் கிராமத்துத் தமிழ்ப்பள்ளி கோகிலா டீச்சர் தமிழில் எழுதுகிறார். உங்கள் கடிதத்தையும் அவர்தான் எனக்குப் படித்துச் சொன்னார். உங்கள் தம்பி எழுத வேண்டாம் என்கிறார். நான் எழுதுகிறேன்.

உங்கள் புருஷன் இறந்துவிட்டார், அக்கா. ஆகஸ்டு மாதம், சயாமில். பேதி கண்டு இரண்டு நாளில் போய்விட்டார். கூட இருந்தவர் சங்கரன். அவர் செமாபோக் ஆள், அதே லாரியில் போனவர். அங்கிருந்து தப்பி, மூன்று மாதம் ஒளிந்து ஒளிந்து நவம்பரில் வந்து சேர்ந்தார். நீங்கள் கேட்கச் சொன்ன பிறகு உங்கள் தம்பி செமாபோக்கில் வீடு வீடாகப் போனார். நாலாவது தடவை போனபோது அந்த வீட்டில் பரண்மேல் சங்கரன் இருந்தார். அவர் வந்தது வெளியே தெரிந்தால் அவர் குடும்பத்தையே விட்டுவைக்க மாட்டார்கள். அதனால் கடிதத்தில் எழுதவில்லை. இப்போது அவர் இந்த ஊரில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நேரில் சொல்கிறேன் என்றுதான் அன்று காலை உங்கள் தம்பி வீட்டைவிட்டுப் போனார். பாலத்தில் சொல்ல நினைத்தாராம். கிணற்றடியில் நினைத்தாராம். மலையில் உங்களைக் கூப்பிட்டும்விட்டாராம். வாய் வரவில்லை. ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்தின் கதையைச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். இரவு முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

பொங்கலுக்கு முதல் நாள் எங்கள் செட்டிக் கிராமத்தில் பார்ச்சு. செத்தவர்களுக்கு இலை போட்டு அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்போம். இலை இல்லாதவர்கள் அன்று பசியோடு வாசலில் நிற்பார்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை. உங்கள் புருஷன் கடைசியாகச் சோறு தின்றது என் வீட்டில், என் கையால். என் கலியாணத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து வந்ததும் அவர் ஒருவர்தான். அவரை வாசலில் நிற்க விட எனக்கு மனசு வரவில்லை. என் அப்பா இலைக்குப் பக்கத்தில் அவருக்கும் இலை போட்டேன். படையலுக்குச் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நெற்றி நிறையப் பொட்டும் தலையில் பூவுமாக வந்த உங்களை அதற்குள் எப்படிக் கூப்பிடுவேன்?

அந்த அரிசி யாரும் கொடுத்ததில்லை. பழைய கூப்பனில் வந்ததில் ஒரு டின் ஒதுக்கி வைத்திருந்தேன். என் அப்பாவுக்கு என்று வைத்தது. அந்த டின் முழுவதையும் சமைத்து இரண்டு இலைக்கும் வைத்தேன்.

உங்களிடம் கொடுத்தது அவர் இலைச் சோறு. படைத்த பிறகு வீட்டு மனிதர்கள் தின்ன வேண்டும். அவருக்கு வீடு நீங்கள்தான். நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

அஞ்சலை


கஜா பெராங்
2604 பிப்ரவரி 3

அக்கா.

அவள் எழுதினது அத்தனையும் உண்மை. அத்தோடு இதையும் வைக்கிறேன்.

பட்டையைக் கழற்றித் தர எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று நீ நினைக்காதே. கை பட்டைக்குப் போனது. அத்தான் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பயத்தில் கையை எடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றேனே, அது பொய். "நீ வீட்டுக்குப் போ தம்பி, அக்காகிட்ட சொல்லு" என்றார். அந்த ஒரு வேலையைத்தான் கொடுத்தார். அதையும் நான் செய்யவில்லை.

கணேசமூர்த்தி


சிரம்பான்
2604 மார்ச் 11

அஞ்சலைக்குச் சந்திரமதி எழுதுவது. கோகிலா டீச்சர் இதைப் படித்துச் சொல்லவும். உன் புருஷன் படிக்க வேண்டாம்.

உடம்பு எப்படி இருக்கிறது அஞ்சலை? நான் இருக்கிறேன். காரியத்தைச் செய்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் வந்தார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கக் கிழங்குதான் இருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. என் புருஷனுக்கு எனக்கு முன்னால் நீ இலை போட்டுவிட்டாய். நான் ஐந்து மாதம் பொட்டு வைத்துக்கொண்டு ஒரு செத்த மனுஷருக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சோற்றைப் பஸ்ஸில் உட்கார்ந்து, உன்னைத் திட்டிக்கொண்டே தின்றிருக்கிறேன். அதை நினைத்தால் ஏன் தின்றோம் என்று இருக்கிறது. அதையே வேறு மாதிரி நினைத்தால், நல்லவேளை தின்றோம் என்றும் இருக்கிறது. இரண்டும் மாறி மாறி வருகிறது, எதை எழுதுவது என்று தெரியவில்லை.

ஒன்று தெரிந்துகொள். அவருக்குக் கத்தரிக்காய் ஆகாது. தொண்டை அரிக்கும். விருந்துக்குப் போன இடத்தில் மரியாதைக்குத் தின்பார், வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்கச் செருமுவார். உன் வீட்டிலும் அப்படித்தான் தின்றிருப்பார். நீ பிடிக்கும் என்று நினைத்துவிட்டாய். இனி வைக்காதே. நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்துப் புளி மிளகாயில் பிரட்டினால் போதும், வேறு எதையும் கேட்க மாட்டார்.

ஆனி மாதம் பழம் படைக்கிற பார்ச்சு ஒன்று உண்டு என்று கலியாணசுந்தரம் சொன்னார். அதற்கு வருகிறேன். பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வா. உன் புருஷனை அனுப்பாதே. அன்றைக்கு அவன் முகத்தில் நான் விழிக்கக் கூடாது. மலையோ ஆறோ எங்காவது போயிருந்துவிட்டு, நான் பஸ் ஏறின பிறகு வீட்டுக்கு வரட்டும். அவனுக்காக நான் இதற்கு மேல் ஒன்றும் எழுதப் போவதில்லை.

அரிசிக்கு நீ அலையாதே. இங்கே என்னிடம் ஒரு ஜோடி தோடு இருக்கிறது, ஒரு டின்னாவது கிடைக்கும். உன் அப்பா இலைக்கும் அதிலேயே வைக்கலாம்.

அவர் இலையை நான் போடுகிறேன். உங்கள் முறை எனக்குத் தெரியாது, மலாயும் வராது. எது எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்று கையைக் காட்டு, நான் வைக்கிறேன்.

அக்கா
சந்திரமதி